உயிர் காக்கும் நீரும் உயிர் பறிக்கும் மின்னும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை நண்பகலில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் வேலை பார்க்கும் பேட்டரி கடைக்குப் போனேன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி பேட்டரிகளுக்கு ஆசிட் ஊற்றிச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் கடை அது. நான் வாசற்படியில் கால் வைத்த நேரத்தில் அப்பாவின் கையிலிருந்த ஆசிட் கேன் வழுக்கிக் கீழே விழுந்தது. தெறித்த அமிலம் அவர் முகத்தில் பட்டது. "ஐயோ கண்ணு" என்று கத்திக்கொண்டு இரு கண்களையும் மூடியபடியே தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடினார்.

அந்தக் குழாய் சார்ஜர் வைத்திருந்த மேசைக்குப் பின்னால், சுவரோரமாக இருந்தது. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையை வீசி வீசி வழி தேடினார். வீசிய கையின் புறங்கை சார்ஜரின் இரும்புப் பெட்டியில் பட்டது. யாரோ பிடித்துத் தள்ளியது போல் அப்பா பின்னால் விழுந்தார். கடையில் உடன் வேலை செய்த அண்ணன் ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். பிறகு டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு அப்பாவின் முகத்தில் ஊற்றினார். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். வலக்கண் தப்பியது. இடக்கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு விழுந்து, இன்று வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரிகிறது.

வீட்டிற்கு வந்தவர்கள் எல்லாரும் "விதி" என்றார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். கல்லூரியில் சேர்ந்து ஓமின் விதியைப் படித்த பின்புதான் அது வேறு விதி என்று எனக்குப் புரிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததில் எங்கள் வீட்டுக்கு உதவக்கூடிய ஒன்றையாவது எழுதிவிட வேண்டும் என்னும் ஆசையால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அமிலம் பட்ட கண்ணுக்கு நீரே முதல் மருந்து என்பது நாம் அறிந்ததே. பேட்டரியில் உள்ளது நீர் கலந்த கந்தக அமிலம். முழுதும் சார்ஜ் ஏறிய நிலையில் அதன் ஒப்படர்த்தி 1.28 அளவில் இருக்கும்; எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமிலமே. இது கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உறையச் செய்கிறது. சோடியம் ஹைட்ராக்சைடு, சுண்ணாம்பு போன்ற காரங்கள் இன்னும் கொடியவை. அவை திசுக்களைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். எதுவாயினும் முதல் சில வினாடிகளில் நீர் பட்டாக வேண்டும். பட்ட நீர் நிற்காமல் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். காரம் பட்டதற்கு அமிலத்தையும் அமிலம் பட்டதற்குச் சோடா உப்பையும் தேடிப் போவது பெருந்தவறு. கண் ஒரு சோதனைக் குழாய் அன்று.

இதற்காகவே தொழிற்கூடங்களில் இரண்டு கருவிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, இரு கண்களுக்கும் ஒரே நேரத்தில் கீழிருந்து மேலாக மெல்லிய நீரைச் செலுத்தும் கண் கழுவி. மற்றொன்று, தலை முதல் கால் வரை நனைக்கும் அவசர ஷவர். அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு இவற்றுக்கென்று இசட் 358.1 என்ற தரம் வெளியிடப்பட்டது. நம் நாட்டிலும் மறு ஆண்டிலேயே, அதாவது 1982இல், ஐ.எஸ். 10592 என்னும் தரம் வந்துவிட்டது. அமெரிக்கத் தரத்தின்படி கண் கழுவி நிமிடத்திற்கு 1.5 லிட்டரும், ஷவர் நிமிடத்திற்கு 75.7 லிட்டரும், 15 நிமிடங்கள் இடைவிடாமல் தர வேண்டும். ஆபத்து நேரும் இடத்திலிருந்து 10 வினாடிகளுக்குள் சென்றடையும் தொலைவில் அவை இருக்க வேண்டும். ஒரே தளத்தில் இருக்க வேண்டும். படி ஏறி இறங்கக் கூடாது. வழியில் எந்தத் தடையும் இருக்கலாகாது. வால்வு 1 வினாடியில் திறந்து, கையை எடுத்த பின்னும் திறந்தபடியே நிற்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை முதன்முறை படித்தபோது எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை படிக்கையில் ஒன்று பளிச்சிட்டது. இவை அனைத்தும் கண் தெரியாத ஒருவருக்காக எழுதப்பட்டவை! கண் கழுவியைத் தேடி வருபவர் அந்த நேரத்தில் பார்வையற்றவர். அவரால் பெயர்ப் பலகையைப் படிக்க இயலாது; தரையில் கிடக்கும் வயரைத் தாண்ட இயலாது; சிவப்பு விளக்கு எரிவது தெரியாது. "மின்சாரம் இருக்கிறது, ஜாக்கிரதை" என்று மண்டை ஓட்டுப் படம் போட்டு எழுதி வைத்தாலும் அவருக்கு அது வெறும் சுவரே. ஆகவே அந்த இடத்தின் மின் அமைப்பும் கண் தெரியாதவருக்காகவே அமைக்கப்பட வேண்டும். என் தந்தையின் கடையில் குழாய் இருந்தது, தண்ணீரும் வந்தது. குழாய்க்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கண்ணை மூடிப் பார்க்கவில்லை.

இனி மின்சாரம் உடலில் செய்யும் வேலையைக் காண்போம். உலர்ந்த தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஓமின் விதிப்படி வகுத்தால் உடலில் பாய்வது 2.3 மில்லி ஆம்பியர். சுரீர் என்று ஓர் உணர்வு, அவ்வளவே. அதே தோல் நனைந்துவிட்டால் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். நூறு மடங்கு! இதயத்தின் சீரான துடிப்பைக் குலைக்க 50 முதல் 100 மில்லி ஆம்பியரே போதும் என்னும்போது இந்த எண்ணின் பொருள் விளங்கும். மின்சாரமும் மாறவில்லை, மனிதனும் மாறவில்லை. நடுவில் தண்ணீர் வந்தது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்ஸீல் என்னும் பேராசிரியர் இருந்தார். மின்னோட்டம் பாயும் கம்பியைப் பிடித்தவர் தாமாகவே விட்டுவிடக்கூடிய எல்லை எது என்பதைத் தொண்டர்களைக் கொண்டே அவர் அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 என்று கண்டார். அதற்கு மேல் போனால் கையின் தசைகள் இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விரல் விரியாது. வயர்மேன்கள் ஐயத்துக்கிடமான பொருளைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பதன் காரணம் இதுவே. (அப்படித் தொட்டுப் பார்ப்பதும் சரியன்று; டெஸ்டர் எதற்கு இருக்கிறது?) ஆனால் கண் தெரியாதவர் எதனால் தடவுகிறார்? உள்ளங்கையால்! பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று விரல்களை விரித்துத்தான் தேடுகிறார். அப்பாவின் கை அன்று புறமாக வீசப்பட்டதால் தசை சுருங்கியபோது கை விலகிற்று. உள்ளங்கை பட்டிருந்தால், இக்கட்டுரையை நான் எழுதியிருப்பேனா என்று பல இரவுகள் எண்ணியதுண்டு.

"தண்ணீர் நல்ல மின்கடத்தி அல்லவே, தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது என்றல்லவா படித்திருக்கிறோம்?" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். மிகத் தூய நீரின் மின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோ சீமன்ஸ் மட்டுமே. குழாய் நீரில் கரைந்த உப்புகள் அதைச் சில நூறுகளாக உயர்த்திவிடுகின்றன. உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆயிரத்தையும் தாண்டும். ஆனால் ஷவரின் கீழ் நிற்பவரின் காலடியில் ஓடுவது குழாய் நீர்கூட அன்று. அவர் மேலிருந்து கழுவப்பட்ட அமிலமும் அதில் கலந்திருக்கிறது. பேட்டரி அமிலம் குழாய் நீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அதில் ஒரு சிறு பங்கு கலந்தாலும் தரையில் ஓடும் நீரின் இயல்பு மாறிவிடும்.

இப்படிச் சொல்வதால் மின்சாரத்துக்கு அஞ்சி நீரைத் தாமதப்படுத்தலாம் என்று எவரும் கொள்ளலாகாது. முதலில் மெயினைத் தேடி அணைத்துவிட்டுப் பிறகு கண்ணைக் கழுவலாம் என்றால் அதற்குள் கண் போய்விடும். அடிபட்டவரின் வேலை ஓடுவதும் கழுவுவதும் மட்டுமே. மெயினை அணைப்பது உடன் இருப்பவரின் வேலை, அதுவும் உலர்ந்த கையோடு. உடன் யாரும் இல்லாத நேரத்திலும் விபத்து நேரும் ஆதலால், நம்பத்தக்க ஏற்பாடு ஒன்றே: நீருக்கும் மின்னுக்கும் இடையிலான பகையை விபத்துக்கு முன்பே தீர்த்து வைப்பது.

அதற்கு முதல் வழி தொலைவு. ஷவரின் நீர், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அரை மீட்டர் அகலத்துக்குப் பரவி விழுகிறது. ஆனால் அதன் கீழ் நிற்பவர் சிலையாக நிற்பதில்லை. துடிக்கிறார், கையை உதறுகிறார், உடையைக் களைந்து எறிகிறார். எனவே சுவிட்ச் போர்டும் பிளக் பாயிண்டும் அந்த அரை மீட்டர் வட்டத்துக்கு வெளியே இருப்பது மட்டும் போதாது. அமெரிக்க மின் விதிகள் கை கழுவும் தொட்டியிலிருந்து 1.8 மீட்டருக்குள் வரும் பிளக் பாயிண்டுகளுக்குத் தனிப் பாதுகாப்பைக் கேட்கின்றன. சாதாரணக் கை கழுவலுக்கே அவ்வளவு! தவிர்க்க முடியாமல் அருகில் வைக்க வேண்டிய விளக்குக்கும் அலாரத்துக்கும் நீர் புகாத உறை வேண்டும். உறைகளின் தரத்தை ஐ.பி. என்னும் குறியீட்டால் சொல்வர். அதன் இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது: 4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும்.

தொலைவுக்கு அடுத்தபடி, ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. இதன் செயல் மிக அழகானது. மின்னோட்டம் ஃபேஸ் கம்பி வழியே போய் நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை, இரு கம்பிகளும் ஊடுருவிச் செல்லும் இரும்பு வளையத்தில் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு மனிதனின் உடல் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் தரைக்குக் கசிந்தால் கணக்கு உதைக்கிறது. வளையத்தில் காந்தப்புலம் மிஞ்சுகிறது. அது ஒரு சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் வகைக் கருவி அந்த அளவில் 0.3 வினாடிக்குள்ளும், 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 0.04 வினாடிக்குள்ளும் துண்டிக்கும். மேற்சொன்ன டால்ஸீலே 1961இல் டிரான்சிஸ்டர் கொண்டு இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். அமெரிக்காவில் இன்றும் 6 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்கும் வகையே வழக்கம். நம் வீடுகளில் உள்ள ஃபியூஸ் இந்த வேலையைச் செய்யாது. அது கம்பியைக் காக்க வந்தது, மனிதனைக் காக்க வந்ததன்று. 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகக் காத்திருந்தால் 230 மில்லி ஆம்பியரில் மனிதன் எப்போதோ முடிந்திருப்பான்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஷவர் அருகே உள்ள விளக்கையும் அதே ஆர்.சி.சி.பி.யில் கொடுத்துவிட்டால் அது துண்டிக்கும்போது இடமே இருளாகிவிடும். உதவிக்கு வந்தவரும் குருடராவார். விளக்குக்கு வேறு சர்க்யூட்டும் வேறு ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

நம் ஊர்ப்புறங்களில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிடும் வழக்கம் உண்டு. அதில் ஒளிந்திருக்கும் அபாயத்தை நினைத்தால் உடல் சிலிர்க்கிறது. பூமியில் புதைந்த பழைய இரும்புக் குழாய் ஓரளவு எர்த்தாக வேலை செய்திருக்கலாம். பழுது பார்க்கும்போது நடுவில் நாலடி பி.வி.சி. குழாயைச் செருகிவிட்டால் பூமித் தொடர்பு அறுந்தது. பிறகு எங்கோ ஒரு மோட்டாரில் ஏற்படும் கசிவு, பூமிக்குப் போக வழியின்றி, குழாய் முழுவதையும் 230 வோல்ட்டில் நிறுத்திவிடும். அவசர ஷவரின் இழுப்புக் கம்பியும் அந்தக் குழாயின் தொடர்ச்சிதானே? அதை இழுப்பவர் நனைந்த உள்ளங்கையால் இறுகப் பற்றித்தான் இழுக்கிறார். எர்த்துக்கென்று தனியே குழி தோண்டி, உலோகக் குழாயையும் அதனோடு முறைப்படி இணைத்துவிட வேண்டுமே தவிர, குழாயையே எர்த்தாக்கக் கூடாது.

மெயினை அணைத்தால் நீரும் நின்றுவிடும் இடங்களும் உண்டு! தொட்டி இல்லாமல் மோட்டார் அழுத்தத்திலேயே ஷவர் ஓடும் கூடங்களில், உதவிக்கு வந்தவர் நல்லெண்ணத்தோடு மெயினை இறக்கினால் சில வினாடிகளில் ஷவர் வறண்டுவிடும். எனவே மேல்நிலைத் தொட்டியே சிறந்தது. அதன் அளவையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 75.7 லிட்டர் வீதம் 15 நிமிடங்களுக்கு 1,135 லிட்டர் வேண்டும். கடைகளில் சாதாரணமாக வைக்கும் 1,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தாலும் 13 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் வரும். இவ்வளவு நீரும் எங்கே போய்ச் சேரும் என்பதும் ஒரு கேள்வி. தரைச் சரிவு, ஜங்ஷன் பாக்ஸ் கிடக்கும் மூலையை நோக்கி இருந்துவிட்டால் ஷவரை எவ்வளவு தள்ளி வைத்தும் பயனில்லை.

தொட்டி நீரின் வெப்பம் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது தரம். குளிர் நாடுகளில் குழாயில் நீர் உறையாதிருக்க மின் வெப்பக் கம்பியையே குழாய்மீது சுற்றுகிறார்கள். அங்கே மின்சாரம் கண் கழுவியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டி நீர் கையைச் சுடுவதுதான் நம் தொல்லை. தொட்டிக்கு ஒரு கூரை போட்டால் தீரும்.

நான் கூறியவற்றில் மிகக் கடினமான இடம் துணை மின்நிலையங்களின் பேட்டரி அறை. அங்கே 2 வோல்ட் செல்கள் 55ஐத் தொடராக இணைத்து 110 வோல்ட் நேர்மின்சாரம் பெறுகிறார்கள். அமிலம் உள்ளதால் நீர் கட்டாயம் தேவை. அமெரிக்கக் கட்டுமானப் பணிகளுக்கான விதி, பேட்டரியைக் கையாளும் இடத்திலிருந்து 25 அடிக்குள் நீர் வேண்டும் என்கிறது. ஆனால் மெயினை அணைத்தால் சார்ஜர் நிற்குமே தவிர பேட்டரி நிற்காது. செல்களின் முனைகளில் 110 வோல்ட் எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும். ஆர்.சி.சி.பி.க்கும் இங்கே வேலையில்லை. அது மாறுமின்னோட்டத்தின் காவலன். ஆகையால் கண் கழுவியைச் செல் வரிசைகளுக்கு நடுவே வைக்காமல் வாசல் பக்கமாக வைப்பதும், செல் முனைகளுக்கு மின்கடத்தாப் பொருளால் மூடி போடுவதுமே வழி. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வெளிப்படுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும் ஆதலால், கண் கழுவிக்கு மேல் விளக்குப் போடுகிறேன் என்று பொறி பறக்கும் சாதாரணச் சுவிட்சை அங்கே வைத்துவிடக் கூடாது.

இவற்றைப் படித்தபின் எனக்கு நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்யத் தோன்றியது. விரிவுரையாளரிடம் அனுமதி பெற்றேன். அமிலப் புட்டிகள் இருக்கும் மேசையிலிருந்து கண் கழுவி வரை கண்ணைத் திறந்துகொண்டு நடக்க 5 வினாடி ஆனது. பிறகு கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு ஸ்டூலில் முட்டி, மேசையைத் தடவித் தடவிச் சென்று சேர 14 வினாடி ஆயிற்று. "என்ன தம்பி, கண்ணாமூச்சியா?" என்று ஆய்வக உதவியாளர் சிரித்தார். நான் நடந்த வழியில் என் கை எவற்றையெல்லாம் தொட்டது என்று அவரையே குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஒரு கேஸ் குழாய், ஒரு புட்டி, மேசை விளிம்பில் ஹாட் பிளேட்டுக்காகப் பொருத்தியிருந்த இரண்டு பிளக் பாயிண்டுகள். அதைப் படித்ததும் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அந்தப் பிளக் பாயிண்டுகள் எதிர்ப்பக்கம் மாற்றப்பட்டன. ஸ்டூலை எடுத்துவிட்டு நடந்தபோது 8 வினாடி.

சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் முதலாளியிடம் பேசினேன். குழாய் இருந்த இடத்திலேயே பல ஆண்டுகள் கிடந்ததற்கு அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை, ஆனால் மறுக்கவுமில்லை. குழாய் இப்போது வாசலுக்கு அருகில் இருக்கிறது. சார்ஜர் உள்சுவரோரம் போய்விட்டது. அதன் இரும்புப் பெட்டிக்குத் தனி எர்த்தும், கடைக்கு ஓர் ஆர்.சி.சி.பி.யும் வைத்தாயிற்று. இசட் 358.1 தரம் கண் கழுவியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறது, ஆர்.சி.சி.பி.யிலும் சோதனைக்கென்று ஒரு பொத்தான் உண்டு. இரண்டையும் திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் அப்பாவே செய்கிறார். முதல் நாள் குழாயைப் பொருத்தி முடித்ததும் ஆசிட் கேன் இருக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு, நல்ல கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, "எண்ணுடா" என்றார். எண்ணினேன். ஏழாவது வினாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.